துண்டக்காவும் என் குளியலறைத் திரையும்

துண்டக்காவை நேரில் பார்ப்பதற்கு முன்பே நான் அவள்மேல் ஒன்பது மாதம் பொறாமைப்பட்டிருக்கிறேன். முகம் தெரியாத ஒருத்திமேல் அவ்வளவு எரிச்சல் வருமா என்று கேட்காதீர்கள். வரும். முகம் தெரியாவிட்டால் இன்னும் வசதி. நமக்குப் பிடிக்காத முகங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

என் வீட்டுக்காரர் பொது நீச்சல் குளத்தில் சீட்டு கிழித்துக் கொடுக்கிறவர். வாசலில் கூண்டு மாதிரி ஓர் அறை, அதில் கை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம், அதற்குப் பின்னால் இவர். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் துண்டு அறை இருக்கிறது. நீந்த வருகிறவர்களுக்கு அங்கே துண்டு கொடுப்பார்கள்; போகும்போது ஈரத்துண்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அந்த அறைக்குப் புதிதாக வேலைக்கு வந்தவள்தான் அவள். ஐம்பது வயதிருக்கும். வந்த ஒரே வாரத்தில் எல்லோரும் துண்டக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்களாம். ஊருக்கெல்லாம் அக்கா. எனக்கு மட்டும் 'அவள்'.

முதல் நாள் சாப்பிட உட்கார்ந்ததும் இவர் சொன்னார்:

"கீழ புதுசா ஒருத்தங்க வந்திருக்காங்க. துண்டுல வாடையே இல்ல. நம்பாம நானே எடுத்து மோந்து பார்த்தேன். சுத்தமா இல்ல. என்ன கை அது!"

நான் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றேன். இவர் வாயிலிருந்து பாராட்டாக ஒரு முழு வாக்கியம் வந்து அன்றைக்குத்தான் கேட்கிறேன்.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினேழு வருஷம் ஆகிறது. நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைக்கிறவள். இவர் போடுகிற சட்டை ஒவ்வொன்றும் நான் தைத்தது. சாப்பாட்டுப் பை, தலையணை உறை, ஜன்னல் திரை, எல்லாம் என் கை. என்றைக்காவது 'நல்லா இருக்கு' என்று சொல்லியிருக்கிறாரா? இல்லை. புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்ப்பார், "ம்" என்பார், கிளம்பிவிடுவார். அந்த 'ம்'மை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்கு நகை வேண்டாம், நட்டு வேண்டாம். என் முகத்தைப் பார்த்து அந்த இரண்டு வார்த்தை சொன்னால் போதும் என்று பதினேழு வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறேன். அந்த மனுஷர் எவளோ துவைத்த துண்டுக்கு வாய் நிறையச் சொல்கிறார் என்றால் வயிறு எரியாதா?

அன்றையிலிருந்து தினமும் துண்டக்கா புராணம்தான். அவள் வாழ்க்கை வரலாற்றை இவர் தவணை முறையில் எனக்குச் சொன்னார். பதினெட்டு வயதில் நாற்பது அறை உள்ள ஒரு விடுதியில் துணி துவைக்கப் போனாளாம். பிறகு ஒரு மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் பதினோரு வருஷம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டு மாடியில் ஓர் அறையில் இருக்கிறாள். தம்பி மனைவியோடு சண்டையே வந்ததில்லையாம், அதுவும் ஒரு பெருமை! வாசனைப் பவுடர், வாசனைச் சோப்பு எதையும் தொடமாட்டாள். நாற்றத்தின் மேல் வாசனையைப் பூசுவது அழுக்குச் சட்டைக்கு மேல் கோட்டு போடுகிற வேலை என்பாளாம். ஒவ்வொரு துண்டையும் மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை மோந்து பார்க்காமல் யாருக்கும் கொடுக்கமாட்டாளாம். ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பது துண்டு.

"இருநூத்தி நாப்பதா? மூக்கு தேஞ்சு போயிடாதா?" என்றேன்.

"நீ வேற. அவங்க மூக்கு லேசுப்பட்டது இல்ல. மூணு நாளைக்கு முன்னாடி ஈரத்தோட மடிச்ச துண்டைத் தனியா கண்டுபிடிச்சு எடுத்துடுவாங்க."

என் மகளுக்குப் பதினைந்து வயது. அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அம்மா, அப்பா துண்டைத்தான் சொல்றாரு, அவங்களைச் சொல்லல. நீ மெதுவா மூச்சு விடு" என்றாள். பெற்ற பெண்ணுக்குக்கூடத் தெரிகிற அளவுக்கு என் முகம் இருந்திருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. சந்தேகம் என்று எனக்கு எதுவும் கிடையாது. இருந்திருந்தால்கூடத் தேவலை, கத்திச் சண்டை போட்டிருக்கலாம். எனக்கு வந்தது சுத்தமான பொறாமை. எனக்குச் சேர வேண்டியது பக்கத்துத் தெருவில் கொட்டிக்கிடக்கிறதே என்கிற பொறாமை.

இதற்கு நடுவில்தான் என் குளியலறைத் திரையில் பூஞ்சை பிடித்தது.

எங்கள் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. மேலே கையகல ஓட்டை ஒன்று, அவ்வளவுதான். குளிக்கிற மூலையை மறைக்க நான் ஒரு திரை தைத்துப் போட்டிருந்தேன். கெட்டியான பருத்தித் துணி, வெள்ளையில் நீலக் கோடு. பன்னிரண்டு வளையத்துக்கும் கையாலேயே காஜா எடுத்திருந்தேன். கீழே நான்கு விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்திருந்தேன். அந்த மடிப்பில்தான் முதலில் மிளகு தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் வந்தன. அப்புறம் மெல்ல மெல்ல முழங்கால் உயரத்துக்கு ஏறின. பக்கத்தில் ஆணியில் தொங்கிய துண்டுகளிலும் கால்மிதியிலும் ஒரு மக்கல் வாடை அடித்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். வெயிலில் போட்டேன். நான்கு நாள் கழித்து மறுபடியும் புள்ளி.

இவர் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். என்ன செய்தார் தெரியுமா? போய் அவளிடம் சொல்லிவிட்டார்! என் வீட்டுக் குளியலறை நாறுகிற கதையை, நாற்றமே இல்லாத துண்டுக்காரியிடம் போய்! அதோடு விட்டாரா? மறுநாள் ஒரு பாட்டில் வினிகரும் ஒரு பொட்டலம் சமையல் சோடாவும் வாங்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார்.

"துண்டக்கா சொன்னாங்க. வினிகரும் சோடாவும் போட்டா பூஞ்சை போயிடுமாம்."

"என் வீட்டு அழுக்கைக் கொண்டுபோய் ஊர்ல கடை பரப்பிட்டு வந்துட்டீங்களா?" என்று பொரிந்து தள்ளினேன். இவர் துண்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டார். சண்டை வரும்போதெல்லாம் இவருக்குக் கையில் அழுக்கு ஒட்டிவிடும்.

இரண்டு நாள் அந்தப் பாட்டிலைத் தொடவில்லை. மூன்றாம் நாள் இவர் வேலைக்குப் போனதும் எடுத்தேன். வீம்பு ஒரு பக்கம் இருக்கட்டும், திரை என்னுடையது இல்லையா? வாளியில் வெந்நீர் விட்டு, வினிகரைச் சாய்த்து, சோடாவையும் கொட்டினேன். புஸ்ஸென்று நுரை பொங்கி வாளி விளிம்பைத் தாண்டித் தரையில் வழிந்தது. அடடா, என்ன வேகம் என்று எனக்கே சந்தோஷமாகிவிட்டது. திரையை அதில் முக்கி ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசிப் போட்டேன். காய்ந்ததும் பார்த்தால் ஒரு புள்ளிகூட அசையவில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்தன.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கைப்பக்குவத்தை மறைத்துவிட்டாள்! பாதியைச் சொல்லி மீதியை முழுங்கிவிட்டாள். இத்தனை வருஷம் துவைத்துக் கற்றதை அவ்வளவு சுலபமாகச் சொல்லிக் கொடுத்துவிடுவாளா என்ன? என் திரை நாறினால்தானே அவள் துண்டு மணக்கும்? இப்படி யோசிக்க யோசிக்க எனக்குத் தலை கால் புரியவில்லை. திரையைப் பையில் திணித்துக்கொண்டேன். வாரத்தில் ஒரு நாள் இவருக்கு ஓய்வு, ஆனால் குளம் திறந்திருக்கும். அந்த நாளாகப் பார்த்து, நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கீழ்த்தளத்துக்குப் படி இறங்கும்போதே கவனித்தேன், அங்கே ஒரு வாடையும் இல்லை. நீச்சல் குளத்தின் அடியில், இருநூறு ஈரத்துண்டு தொங்குகிற இடத்தில்! அந்த எரிச்சலோடுதான் உள்ளே போனேன். கொடிகளில் துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல், இரண்டு விரல் இடைவெளியில் வரிசையாகத் தொங்கின. முன் கதவும் பின் கதவும் கல் வைத்துத் திறந்திருந்தன. நடுவே குள்ளமாக ஒருத்தி, மணிக்கட்டில் ஆம்பிளைக் கடிகாரம், முழங்கை வரை மடித்த சட்டைக்கை, ஒரு துண்டை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் ஒட்டிப் பார்த்த எந்த முகமும் அவளுக்குப் பொருந்தவில்லை. சாதாரண முகம். கொஞ்சம் தூக்கம் கெட்ட முகம்.

கண்ணைத் திறந்தவள் என்னைப் பார்க்கவில்லை, என் பையைப் பார்த்தாள்.

"இந்தப் பைத்துணி... சீட்டுக் கொடுக்கிறவரோட சாப்பாட்டுப் பையும் இதேதானே? நீங்க அவர் வீட்டம்மாவா?"

என்னை அடையாளம் கண்டுபிடிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மனப்பாடம் செய்து வந்த வசனத்தையெல்லாம் விட்டுவிட்டு, திரையை எடுத்து அவள் முன்னால் விரித்தேன்.

"நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். ஒண்ணும் போகல. மிச்சத்தையும் சொல்லிட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்."

குரலில் குத்தல் இருந்தது. அவளுக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. "எப்படிச் செஞ்சீங்க?" என்றாள். சொன்னேன். பொங்கி வழிந்த நுரையைப் பற்றிச் சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, ரெண்டையும் ஒண்ணாவா கொட்டினீங்க? ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டுச் செத்துப் போயிருக்குமே. நுரையெல்லாம் வெறும் ஆர்ப்பாட்டம்ங்க. மிச்சம் நிக்கிறது வெறும் தண்ணி மாதிரிதான். முதல்ல வினிகர், அலசிட்டு அப்புறம் சோடான்னு அவர்கிட்ட ரெண்டு தடவை சொன்னேனே!"

'அலசிட்டு அப்புறம்' என்கிற இரண்டு வார்த்தையை இவர் வழியிலேயே தொலைத்துவிட்டு வந்திருக்கிறார். வார்த்தையை மிச்சம் பிடிக்கிற மனுஷர் இதிலும் மிச்சம் பிடித்திருக்கிறார். நான் மனசுக்குள் அவளைக் கரித்துக் கொட்டியதெல்லாம் வீண்.

"நல்லவேளை, பிளீச்சிங் போடல" என்று தொடர்ந்தாள். "வினிகரோட அதைச் சேர்த்துட்டா அவ்வளவுதான், புகை நெஞ்சைப் பிடிச்சுடும். ஆஸ்பத்திரியில வேலை பார்த்தப்ப நான் தெரியாம ஊத்திட்டு மூணு நாள் இருமினேன். அதுலதான் இந்த மூக்கு வேலை செய்யாம போயிடுமோன்னு பயந்து, தினம் மோந்து மோந்து பார்க்க ஆரம்பிச்சேன். அந்தப் பழக்கம் விடல."

நான் நிஜத்தில் அதற்கும் தயாராகத்தான் இருந்தேன். பிளீச்சிங் டப்பா வீட்டில் கழுவுமிடத்துக்குக் கீழே வினிகர் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் திரையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழ் மடிப்பை விரலால் நீவினாள். பிறகு கேட்டாள்:

"குளிச்சு முடிச்சதும் திரையை என்ன பண்ணுவீங்க?"

"அழகா மடிப்பு மடிப்பா சேர்த்து, நாடாவால கட்டி ஓரமா வைப்பேன்."

பெருமையாகத்தான் சொன்னேன். அந்த நாடாவும் நான் தைத்ததுதான், நுனியில் சின்னக் குஞ்சம் வைத்து. தையல்காரி வீட்டில் துணி தொளதொளவென்று தொங்கலாமா?

"அதான்" என்றாள். "ஈரத்தை மடிச்சுக் கட்டி வைச்சு நீங்களே வளர்த்திருக்கீங்க. குளிச்சதும் இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரை இழுத்து விட்டுடணும். அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்ல."

என் மூக்கு நன்றாக உடைந்தது. பன்னிரண்டு காஜாவும் நாலு விரல் மடிப்பும் குஞ்சம் வைத்த நாடாவும், எல்லாமாகச் சேர்ந்து நான் பூஞ்சைக்குக் கட்டிக் கொடுத்த வீடு! அழுகை வரும்போல இருந்தது. அதை மறைக்க ஏதாவது எரிச்சலாகப் பேச வேண்டுமே என்று, "உங்களுக்கென்ன, எங்க வீட்டுக்காரர் தினம் உங்க புராணம்தான் பாடறாரு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள்.

"என் புராணமா? நல்லா இருக்கே! உங்க புராணத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குல்ல காது புளிச்சுப் போச்சு! சட்டைக் காலரைத் திருப்பித் திருப்பிக் காட்டுவாரு. 'பாருங்க, தையல் வெளியில தெரியுதா? மெஷின்கூட இப்படித் தைக்காது' அப்படிம்பாரு. இந்தத் திரைக்குக் கையால காஜா எடுத்தீங்களாமே? போன மாசம் பூரா அதேதான்."

 மேலே குளத்தில் யாரோ குதித்த சத்தம் கேட்டது. "அவரா சொன்னார்?" என்று இரண்டு தடவை கேட்டேன். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதோடு கூடவே, என் பேரில் வந்த கடிதத்தை வேறு வீட்டில் பிரித்துப் படித்துவிட்ட மாதிரி ஒரு கோபமும் வந்தது.

நான் வந்துபோனதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சரியென்றாள். போகும்போது ஓரம் பிரிந்த துண்டுகள் ஒரு குவியலைக் காட்டி, ஊசி பிடிக்கத் தனக்குக் கை வராது என்றும், தைத்துத் தர முடியுமா என்றும் கேட்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தால் தைத்துத் தருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து அவள் சொன்னபடி ஒன்றுவிடாமல் செய்தேன். காய்ந்த திரையை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், காய்ந்த பிரஷ்ஷால் தட்டிப் பொடியை உதிர்த்தேன். அரை வாளி வெந்நீரில் ஒரு டம்ளர் வினிகர், ஒரு மணி நேரம் ஊறல். நன்றாக அலசிப் பிழிந்த பிறகு வேறு தண்ணீரில் சோடா போட்டுத் துவையல். கீழ் மடிப்பை மட்டும் பிரித்துவிட்டேன், தண்ணீர் தங்க இடம் இருக்கக் கூடாது. அசையாத புள்ளிகளுக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் குழைத்துத் தடவி வெயிலில் போட்டேன். கோடு வெளுத்துவிடுமோ என்று முதலில் ஓரத்தில் உள்பக்கமாகத் தடவிப் பார்த்துக்கொண்டேன். கால்மிதிக்கும் துண்டுகளுக்கும் அதே வைத்தியம். இரண்டு நாள் வேலை. தைக்க வந்த துணியெல்லாம் அப்படியே கிடந்தது.

திரை வெள்ளை வெளேரென்று வந்தது. மாட்டிவிட்டு, மடிப்பும் வேண்டாம் நாடாவும் வேண்டாம் என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரித்துவிட்டேன். மூக்கை வைத்து மோந்தேன். ஒன்றுமே இல்லை.

சாயங்காலம் இவர் குளித்துவிட்டு வந்தார். நான் கதவுக்கு நேராக நின்றுகொண்டிருந்தேன். தலை துவட்டினார். துவட்டின துண்டை ஒரு தடவை மோந்து பார்த்தார்.

"திரை துவைச்சியா?"

"ஆமா. எப்படி இருக்கு?"

என் வாழ்க்கையில் நானாக வாய் திறந்து கேட்டது அன்றைக்குத்தான். மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாய் ஏதோ சொல்லப்போகிற மாதிரி அசைந்தது. பிறகு, "ம்" என்றார். சொல்லிவிட்டு, கையில் அழுக்கே இல்லாமல் கை கழுவப் போனார்.

மறுநாள் மாலை, இவர் வருவதற்கு முன்பே, துண்டக்கா பிரிந்த துண்டு மூட்டையோடு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"காலையில வந்ததும் வராததுமா கீழ இறங்கி வந்துட்டாருங்க உங்க வீட்டுக்காரர். சீட்டு வாங்க ஆளுங்க நிக்கிறாங்க, அதைக்கூடப் பார்க்கல. 'என் வீட்டம்மா அந்தத் திரையை எப்படி ஆக்கிட்டா தெரியுமா? புதுசு தோத்துடும். ரெண்டு நாளா வேற வேலையே பார்க்கல. அவ கையில எதைக் கொடுத்தாலும் அப்படித்தான்'னு சொன்னாரு."

"அப்படியேவா சொன்னார்?"

"அப்படியேதான்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னாள். நான் மெஷினைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். மூன்றாம் தடவையும் சொல்லச் சொன்னேன், பாவம், அதையும் சொன்னாள். பிறகு என்னால் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்:

"சொல்றப்ப அவர் முகம் எப்படி இருந்துச்சு?"

துண்டக்கா யோசித்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நிறுத்தினாள். கையைக் காற்றில் ஒரு மாதிரி அசைத்துக் காட்டினாள், அதுவும் அவளுக்குத் திருப்தியாக இல்லை.

"அதை எப்படிங்க சொல்றது? அதை நீங்கதான் பார்க்கணும்" என்றாள்.

வார்த்தையையெல்லாம் சிந்தாமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள், நல்லவள். அந்த முகத்தை மட்டும் அவளால் கொண்டுவர முடியவில்லை. நான் துண்டை மெஷினில் வைத்து ஓரத்தை மடித்தேன். அவளை நிமிர்ந்து பார்க்கப் பிடிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்த கண் அவளுடையது.